கல்யாண நாளுக்கு ராமேஸ்வரம் தீவு: இருவருக்கான முழு வழிகாட்டி

கல்யாண நாளைத் தீவில் கொண்டாடலாம் என்று நினைத்தால் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும்தான் எல்லோரும் டிக்கெட் விலை பார்க்கிறார்கள். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நம்முடைய தீவு ஒன்று இருப்பது நினைவுக்கு வருவதில்லை. ராமேஸ்வரம் என்றதும் தீர்த்தமும் திதியும்தான் மனசில் வரும். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர் என்று வைத்துவிட்டோம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைத் தாண்டிப் பாருங்கள். மணல், பனை, உடைமரம், இடுப்பளவு ஆழத்தில் பச்சையாகக் கிடக்கும் கடல். கணவனும் மனைவியும் மூன்று நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்து திரிய இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தத் தீவுக்கு வடக்கே பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ள மீனவர்கள் முதலாவதைப் பெண் கடல் என்பார்கள், இரண்டாவதை ஆண் கடல் என்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஒன்று குமுறும்போது மற்றொன்று அடங்கிக் கிடக்கும். எது எப்போது அடங்கும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டால் பயணம் பாதி வெற்றி.

முதல் படி: உங்கள் கல்யாண மாதத்தைப் பாருங்கள்

மற்ற சுற்றுலாவுக்கு நல்ல பருவம் பார்த்துக் கிளம்பலாம். கல்யாண நாள் அப்படி நகராது. நம் ஊரில் முகூர்த்தங்கள் சில மாதங்களில்தான் குவிகின்றன. ஆடியையும் மார்கழியையும் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறோம். அதனால் மாதவாரியாகச் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

தை, மாசியில் கல்யாணம் ஆனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுடாது. வாடைக்காற்று வடக்குக் கரையில் கொஞ்சம் அலையைக் கிளப்பினாலும், மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும். தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக இறங்குவதும் இந்தப் பருவத்தில்தான். இந்த மாதங்களில் தங்குவதற்குத் தெற்குப் பக்கம் பாருங்கள்.

பங்குனி, சித்திரையில் இரண்டு கடலும் அநேகமாக அமைதி. ஆனால் வெயில் கொளுத்தும். காலை ஒன்பது மணிக்குமேல் மணலில் கால் வைக்க முடியாது. விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே போவது என்று முடிவு செய்துகொண்டு, பகல் முழுக்க அறையில் இருக்கலாம். கல்யாண நாளுக்கு அது ஒன்றும் குறையில்லை.

வைகாசி, ஆனி, ஆவணியில் கச்சான் காற்றின் ஆட்சி. தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். தனுஷ்கோடி சாலையில் மணல் பறந்து வந்து மூடும், ஆண் கடல் பெயருக்கேற்றபடி சீறும். அந்த நாட்களில் வடக்குக் கரையில் நில்லுங்கள். பாக் கடல் குளம்போல் கிடக்கும். தீவில் ஓலைக்குடா, சங்குமால் பக்கமும், பாலத்துக்கு இப்பால் உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரையும் இந்தக் காலத்துக்கு ஏற்றவை. காற்றை விரும்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி: பட்டத்தின் இழுப்பில் கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங்கைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இந்தக் காற்று வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் யோசித்துச் செய்யுங்கள். இந்த மாவட்டத்துக்கு மழை என்பதே பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைதான். வங்கக் கடலில் புயல் அதிகம் உருவாவதும் அப்போதுதான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு எதுவும் கிடையாது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். அல்லது கல்யாண நாளன்று வீட்டில் விளக்கேற்றிவிட்டு, பயணத்தைத் தைக்குத் தள்ளிவையுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் படி: பஞ்சாங்கமும் கிழமையும்

அமாவாசையைத் தவிருங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கவே இடம் இருக்காது; சாதாரண அமாவாசைக்கும் கூட்டம் உண்டு. சனி, ஞாயிறும் மே மாத விடுமுறையும் அப்படியே. திங்கள் மதியம் வந்து வியாழன் கிளம்புவதுபோல் மூன்று இரவு வைத்துக்கொண்டால் அறை வாடகையும் குறையும், தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் மனிதத் தலைகளும் குறையும்.

மீன் பிரியர்களுக்கு இந்தக் கிழமைக் கணக்கில் ஒரு லாபம் இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் மீன் வரத்து அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன்தான். அளவு குறையும், விலை ஏறும், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்ததாக இருக்கும்.

மூன்றாம் படி: எங்கே தங்குவது

கோயிலை ஒட்டிய விடுதிகள் யாத்திரிகர்களுக்கானவை. விடிகாலை நான்கு மணிக்கே கதவு தட்டும் சத்தமும் வாளிச் சத்தமும் தொடங்கிவிடும். தரிசனத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு அது வசதி, உங்களுக்கு வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் கடலைப் பார்த்தபடி, கோயிலுக்கும் அருகில் இருக்கிறது. நடுத்தரச் செலவில் முடிக்க நினைப்பவர்களுக்கு நல்ல தேர்வு. இன்னும் தனிமை வேண்டுமானால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கமும், பாலத்துக்கு முன்பே மண்டபத்திலும் கடலோர விடுதிகள் உண்டு. முன்பதிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேளுங்கள். கடல் எத்தனை அடி தூரம்? அது எந்தப் பக்கத்துக் கடல்? குளிக்க நல்ல தண்ணீர் வருமா, உப்புத் தண்ணீரா? இந்த மூன்றாவது கேள்வி முக்கியம். தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு.

இருவரின் ஆதார் அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண நாள் என்று முன்கூட்டியே சொன்னால் பல விடுதிகளில் கடற்கரையில் மேசை போட்டு இரவுச் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள். கச்சான் காலத்தில் தெற்குக் கரையில் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சோற்றில் மணல் விழும்.

நான்காம் படி: பாலத்தை வெளிச்சத்தில் கடப்பது

விமானத்தில் வருகிறவர்கள் மதுரையில் இறங்கி, அங்கிருந்து காரில் சுமார் மூன்றரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் இந்தத் தீவுக்குள் நுழைய அழகான வழி ரயில்தான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு, அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி வழிவிடும்.

சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்களில் சில விடியுமுன்பே பாலத்தைக் கடந்துவிடும். நேர அட்டவணையைப் பார்த்து, மண்டபத்தை வெளிச்சத்தில் தாண்டுகிற வண்டியாக எடுங்கள். போகும்போது அமையாவிட்டால் திரும்பும்போதாவது அமையட்டும். மதுரையிலிருந்து பகலில் ஓடும் பயணிகள் ரயில் இதற்காகவே ஏறத் தகுந்தது.

காரில் வந்தால், ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நெரிசலில் அது ஆபத்து. பாலத்தைத் தாண்டி பாம்பனில் இறங்கி, கரையிலிருந்து பாருங்கள். இரண்டு பாலங்களும் நாட்டுப்படகுகளும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: கோயிலை முதலில் முடித்துவிடுங்கள்

கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். முதல் நாள் மரக்கறி, மறுநாள் காலை கோயில், அதற்குப் பிறகு மீன். இந்த வரிசையில் போனால் மனசில் உறுத்தல் இருக்காது.

கோயில் காலை ஐந்து முதல் மதியம் ஒன்று வரை, பிறகு மூன்று முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அதிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம். அதைப் பார்த்துவிட்டு அக்னி தீர்த்தமான கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரை வாங்கி, உடை மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போய் சுவாமியையும் பர்வதவர்த்தினி அம்மனையும் கும்பிடுவது முறை. ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணி, துண்டு, ஈரத்தைப் போட ஒரு பை அவசியம். மெல்லிய துணி வேண்டாம், அடர்ந்த நிறப் பருத்திதான் நனைந்தாலும் கூச்சமில்லாமல் இருக்கும். தரை வழுக்கும், கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். செல்போனை அறையிலேயே விடுங்கள், உள்ளே அனுமதி இல்லை.

தீர்த்தமாட விருப்பமில்லாதவர்களும் மூன்றாம் பிரகாரத்தில் நடக்காமல் வந்துவிடாதீர்கள். 1212 தூண்கள். மாலை மூன்று மணிக்குக் கோயில் திறந்ததும் போனால் கூட்டம் மெலிந்திருக்கும். சேதுபதி மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி முடித்த பிரகாரம் அது. மேற்குப் பக்கத்தில் சொக்கட்டான் மண்டபத்தைத் தேடிப் பாருங்கள்.

மற்றச் சமயத்தாருக்கும் இந்தக் கரையில் இடமுண்டு. ஏர்வாடி தர்காவும், கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலும், 1693-இல் கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூரும் இந்த மாவட்டத்தில்தான்.

ஆறாம் படி: தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலை

மூன்று நாளில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் மதியம் பதினொரு மணிக்கு வந்து, அரிச்சல்முனை வட்டத்தில் நான்முகச் சிங்கத் தூணின் முன்னால் படம் எடுத்து, அரைமணியில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தவர்கள் தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

கோயிலில் இருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 2017-இல் சாலை திறந்தபின் கார், ஆட்டோ, அரசுப் பேருந்து எல்லாம் முனைவரை போகின்றன. ஆனால் இருட்டில் விடமாட்டார்கள். காலை ஆறு மணியளவில் அனுமதிப்பார்கள், மாலை ஐந்து மணியை ஒட்டித் திருப்பி அனுப்பத் தொடங்குவார்கள். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணிவாக்கில்தான் எழுவதால், சோதனைச் சாவடியில் முதல் வண்டியாக நின்றால் வழியிலேயே உதயத்தைப் பிடிக்கலாம். வைகாசி, ஆனியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். அப்போது உதயத்தை ராமேஸ்வரம் கரையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்ரோல், தண்ணீர், கழிப்பறை மூன்றையும் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தொப்பி கட்டாயம். முதலில் நேராக அரிச்சல்முனைக்கே போய்விடுங்கள், திரும்பும்போது மற்ற இடங்கள். முனையில் இடது பக்கம் அடங்கிய கடல், வலது பக்கம் எழும் கடல் என்று காற்றுக்கேற்றபடி வேறுபாடு தெரியும். குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடல் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும், நன்றாக நீந்துகிறவர்களுக்கும் அதே கதிதான். போலீசார் தடுப்பது உங்கள் உயிருக்காக.

திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடி. 1914 முதல் இங்கே ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைப் பெட்டிகளோடு கடலுக்குள் இழுத்தது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊர் அதோடு முடிந்தது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். சுவர்மேல் ஏறாதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள், உங்கள் இருவர் பெயரையும் அங்கே கீறாதீர்கள். அது பலர் இறந்த இடம்.

இங்கே இன்னும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டு உப்புக் கடலுக்கு நடுவில், மணலில் சிறு குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். சாலையோரக் குடிசைக் கடைகளில் மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, விலை பேசி, பிறகு பொரிக்கச் சொல்லுங்கள். பேசாமல் உட்கார்ந்துவிட்டு அப்புறம் விலைக்காகச் சண்டை போடுவது யாருக்கும் நல்லதில்லை. கோதண்டராமர் கோயில் வழியிலேயே வரும். அந்தப் புயலைத் தாங்கி நின்ற கோயில்.

ஏழாம் படி: தண்ணீருக்குள் ஒரு நாள்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. நினைத்தபடி மீனவரின் படகில் ஏறி அந்தத் தீவுகளில் இறங்கக் கூடாது, அது குற்றம். வனத்துறை நடத்தும் படகில் மட்டும் போங்கள். பாம்பனுக்குத் தெற்கே குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுப் பக்கம் சூழல் சுற்றுலாப் படகு உண்டு. உயிரியல் மாணவர்கள் பல தலைமுறையாகத் தேடி வருகிற தீவு அது. காற்று பலத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். படகு இல்லாவிட்டாலும் குந்துகாலுக்கு மாலையில் போகலாம். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பி வந்து இறங்கிய கரை, அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

கச்சான் காலத்தில் தெற்கு அடைபட்டுவிட்டால் காரங்காடு கை கொடுக்கும். ராமநாதபுரத்தில் இருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரிந்து போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகும் கயாக்கும் விடுகிறது. ஊர் மக்களே நடத்த உதவுகிறார்கள். இருவர் அமரும் கயாக்கில் ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் துடுப்பு போட்டால் படகு ஒரே இடத்தில் சுற்றும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் கையைப் பார்த்துப் போட வேண்டும். காலையிலேயே போங்கள், பறவைகள் அப்போதுதான் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

ஆழமில்லாத கடலில் நடக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். மணலுக்குள் திருக்கை பதுங்கியிருக்கும், அதன் வால்முள் குத்தினால் வலி தாங்காது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறி எனப்படும் ஜெல்லி மீன் மிதந்தால் அன்றைக்குக் கரையிலேயே இருங்கள். பவளப்பாறையின் மேல் நிற்காதீர்கள். உங்கள் கால் கிழியும், அதன் உயிரும் போகும்.

எட்டாம் படி: சாப்பாடு

கோயில் தெருக்களில் மரக்கறி உணவகங்கள்தான் அதிகம். மீன் சாப்பாட்டுக்குத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் போங்கள். வஞ்சிரத்தை எல்லா ஊரிலும் சாப்பிடலாம். இங்கே விளமீன் குழம்பு, ஊளி வறுவல், நகரை, கணவாய், நண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். குழம்புக்கு இந்த மாவட்டத்து முண்டு மிளகாய் போட்டிருந்தால் காரம் நிதானமாகவும் நிறம் தூக்கலாகவும் இருக்கும். சித்திரை, வைகாசியில் பனங்காட்டு ஓரம் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும்.

கீழக்கரை வழியாகப் போனால் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவது, கல்யாண நாளுக்குக் கேக்கை விடப் பொருத்தமான இனிப்பு.

ஒன்பதாம் படி: திரும்பும் வழியும் பரிசும்

கிளம்பும் நாளில் அவசரப்படாமல் ராமநாதபுரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன: போர்க்களம், ராமாயணம், அத்தோடு அரசனும் பெண்களும் மகிழ்ந்திருக்கும் அந்தப்புரக் காட்சிகளும். இருவராகப் பார்க்க வேண்டிய சுவர்கள். நேரம் மிஞ்சினால் திருப்புல்லாணி கோயில் அல்லது உத்தரகோசமங்கை கோயில், இரண்டில் ஒன்று போதும்.

பரிசு வாங்கும்போது கவனம். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் செத்து ஒதுங்கிய பவளத்துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள். தெருவில் வலம்புரி என்று நீட்டும் சங்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் பரிந்துரைப்பது மல்லிகை நாற்று. தங்கச்சிமடம் பகுதியில் மணல் நிலத்தில் குச்சி வைத்து வளர்க்கும் மல்லிகை நாற்றுகள் தமிழ்நாடு முழுவதும் போகின்றன. தோட்டத்துக்காரரிடம் வேரில் ஈர மண்ணோடு கட்டித் தரச் சொன்னால் ரயிலில் ஒரு நாள் தாங்கும். ஊருக்கு வந்ததும் அன்று மாலையே, வெயில் நன்றாக விழும் இடத்தில், தண்ணீர் தேங்காதபடி நட்டுவிடுங்கள். தொட்டியில் வைப்பதானால் மணல் பாதி, செம்மண்ணும் தொழு உரமும் மீதி. வருஷா வருஷம் தை வாக்கில் கவாத்து செய்தால் கோடைக்குப் பூக்கும்.